சோலைவரிப் புத்தகத்தில் இல்லாத மலை: கொஸ்லந்தையும் தீயணைப்புச் சேவையின் செலவும்

கொழும்பில் ஒரு கட்டடம் தீப்பற்றினால் வருவது கொழும்பு மாநகர சபையின் தீயணைப்புப் படை. கண்டியில் கண்டி மாநகர சபையின் படை வரும். யாழ்ப்பாணத்தில் யாழ். மாநகர சபையின் பிரிவு வரும். பொலிசும் இராணுவமும் மத்திய அரசின் கையில் இருக்க, தீயணைப்பு மட்டும் இலங்கையில் பெருமளவுக்கு உள்ளூராட்சி மன்றங்களின் வேலையாகவே வளர்ந்து வந்திருக்கிறது. ஊவா மாகாணத்திலும் இதே கதைதான். தீயணைப்பு வண்டி என்று சொல்லத்தக்கது பதுளை, பண்டாரவளை மாநகர சபைகளிடம் இருக்கிறது. அங்கிருந்து அப்புத்தளை வழியாகப் பெரகலைக்கு வந்து, ஏ4 வீதியில் தியலும நீர்வீழ்ச்சியை நோக்கி இறங்கும் வழியில் கொஸ்லந்த. தேயிலைத் தோட்டங்கள் அந்த வீதிக்கும் மேலே, தோட்டப் பாதைகளின் முடிவில் இருக்கின்றன.

வண்டி ஏன் மாநகர சபையிடம் இருக்கிறது என்பதற்கு விடை வரவு செலவுக் கணக்கில் கிடைக்கும். மாநகர சபைக்குச் சோலைவரி உண்டு. வீடு, கடை, மண்டபம் என ஒவ்வோர் ஆதனத்துக்கும் ஆண்டுப் பெறுமதி ஒன்றை மதிப்பிட்டு, அதில் குறிப்பிட்ட சதவீதத்தை நான்கு காலாண்டுகளில் அறவிடுகிறார்கள். ஆண்டு முழுவதற்குமான தொகையை ஜனவரி 31க்கு முன் கட்டினால் பத்து சதவீதக் கழிவு. நகரத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது தெரிந்த கதை. வீட்டு அலுமாரியில் சோலைவரிப் பற்றுச்சீட்டு ஒரு கட்டாகவே கிடக்கும். இப்படி ஆண்டுதோறும் தவறாமல் வரும் பணம்தான் தீயணைப்பு வீரரின் சம்பளத்தையும், ஓடாத நாட்களிலும் வண்டியை ஓடத்தக்க நிலையில் வைத்திருக்கும் செலவையும் தாங்க வல்லது. வண்டியை ஒரு கொடையாளி வாங்கித் தந்துவிடலாம். இருபத்துநான்கு மணி நேரமும் அதனருகில் விழித்திருக்கும் ஆட்களுக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்கக் கொடையாளி வருவதில்லை.

கொஸ்லந்த அல்துமுல்லைப் பிரதேச சபையின் எல்லைக்குள் வருகிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டப்படி, கட்டடச் செறிவுள்ளதெனப் பிரகடனம் செய்யப்பட்ட பகுதிகளில்தான் ஒரு பிரதேச சபை சோலைவரி விதிக்கலாம். கடைவீதி அதற்குள் வரலாம். தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயம் வராது. லயத்துக்கு ஆண்டுப் பெறுமதியும் இல்லை, மதிப்பீட்டு இலக்கமும் இல்லை. அதில் மூன்று தலைமுறையாகப் பிறந்து வளர்ந்தவருக்கு அது சொந்தமும் இல்லை. காணி அரசுடையது, 1992இல் அது பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குப் போனது, குத்தகை 2045 வரை. கட்டடமும் கம்பனியின் பொறுப்பில். உள்ளே இருக்கும் பாத்திரம் பண்டமும், பள்ளிப் புத்தகங்களும், அடகு மீட்டு வந்த நகையும், உயிரும்தான் தொழிலாளியுடையவை.

தோட்டத்துக்கும் உள்ளூராட்சிக்கும் இடையில் இந்தச் சுவர் நேற்று எழுந்ததன்று. பிரித்தானியர் காலத்திலேயே கிராம சபை வேறு, தோட்டம் வேறு. 1930களில் கிராம சபை வாக்குரிமையைத் திருத்தியபோது தோட்டத்தில் குடியிருந்த இந்தியத் தொழிலாளர் ஒதுக்கப்பட்டனர். இந்திய அரசாங்கம் அதற்கு ஆட்சேபம் தெரிவித்தது. அதன்பின் 1948இன் குடியுரிமைச் சட்டம் வந்து அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. நாட்டின் வாக்காளராகவே இல்லாதவர் உள்ளூர்ச் சபையின் வாக்காளராக எப்படி இருப்பார்? 1987இன் சட்டப்படி பிரதேச சபைகள் பிறந்தபோதும், அதன் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்ட எல்லைக்குள் சபைப் பணத்தைச் செலவிட இடமில்லை என்று சொல்லிவந்தார்கள். தோட்டத்து மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த உறுப்பினர், தம்மைத் தெரிவுசெய்தவரின் வாசலில் ஒரு வடிகான் வெட்ட முடியாமல் நின்ற வேடிக்கை இந்த நாட்டில்தான் நடந்தது. நீண்ட போராட்டத்தின் பின் 2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டில் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையும் சட்டமானது. செலவிடச் சட்டத்தடை இப்போது தளர்ந்திருக்கிறது. செலவிடப் பணம் எங்கே என்ற கேள்விதான் இந்தக் கட்டுரையின் பொருள்.

மீரியபெத்தையைச் சொல்லாமல் கொஸ்லந்தையில் மீட்புப் பணியைப் பற்றிப் பேச முடியாது. 2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை காலை, அம்பிட்டிகந்தத் தோட்டத்தின் மீரியபெத்தைப் பிரிவின் மேல் மலை சரிந்தது. பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பிய நேரம், பலர் வேலைக்குப் போய்விட்ட நேரம். லயன் வரிசைகள் மண்ணுக்குள் போயின. முதலில் மண்ணைக் கிளறியவர்கள் அயல் லயத்து ஆட்கள், கையில் மண்வெட்டியோடு. அதன்பின் இராணுவம் வந்தது, இயந்திரங்கள் வந்தன. மழை விடவில்லை, சேறு இறுகவில்லை. முப்பதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். அவர்களில் உடல் கிடைத்தவர்களைவிடக் கிடைக்காதவர்களே அதிகம்.

அந்த நாட்களின் செய்திகளைத் திரும்பப் படிப்பவர் ஒன்றைக் கவனிப்பார். காணாமற்போனவர்களின் தொகை முதல் நாளில் நூற்றுக்கணக்கில் இருந்தது. அடுத்தடுத்த நாட்களில் நூறளவுக்கு இறங்கியது. பின்னர் இன்னும் குறைந்தது. எவர் எந்தக் காம்பராவில் வசித்தார், அன்று காலை எத்தனை பேர் உள்ளே இருந்திருப்பார்கள் என்று கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பட்டியல் இருந்திருந்தால் இந்தத் தடுமாற்றம் நேர்ந்திராது. சோலைவரி அறவிடும் நகரத்தில் ஒவ்வொரு வாசலுக்கும் ஓர் இலக்கம் இருக்கிறது. தீயணைப்பு வீரர் அந்த இலக்கத்தைத் தேடித்தான் வருகிறார். வரிப் பதிவேட்டைப் பணம் பறிக்கும் ஏடாக மட்டும் பார்ப்பது நம் வழக்கம். ஆபத்து வந்த வேளையில் அதே ஏடுதான் ஆட்களைத் தேடும் வரைபடம்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் மீரியபெத்தை ஆபத்தான இடம், மக்களை அகற்ற வேண்டும் என்று எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, எச்சரிக்கையை வாசல் வாசலாகக் கொண்டுபோய், இன்ன நாளுக்குள் இன்ன இடத்துக்கு என்று நடத்திவைக்கும் கை இருக்கவில்லை. இதைத்தான் நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள். தீயணைப்பு மீட்புச் சேவை என்றால் சிவப்பு வண்டியும் நீர்க்குழாயும் மட்டுமே நினைவுக்கு வருகின்றன. நல்ல சேவையொன்றின் ஆண்டு வேலையில் பெரும்பகுதி சோதனை, பயிற்சி, வெளியேற்ற ஒத்திகை, வழிகளைத் துப்புரவாக வைத்திருத்தல். மலை சரிவதை எந்தத் தீயணைப்புப் படையும் தடுக்க முடியாது. மழைமானியைப் பார்த்து இரவோடிரவாக ஒரு லயத்தைக் காலி செய்ய முடியும். 2023 மார்ச்சில் அதே பகுதியின் பூணாகலை, கபரகலைத் தோட்டத்தில் மண் சரிந்து வீடுகள் சேதமடைந்தபோது உயிர்கள் தப்பின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டம் அப்படித் தப்பவில்லை; நாட்டில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் அதுவும் ஒன்று.

மண்சரிவு நாடறிந்த செய்தியாகிறது. லயத் தீ அப்படி ஆவதில்லை. ஐந்து வரியில் முடிந்துவிடும், பெரும்பாலும் மின் ஒழுக்கு என்ற ஒரு காரணத்தோடு. அந்தத் தீ எப்படிப் பரவுகிறது என்று பார்த்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள் பத்தோ இருபதோ ஒரே வரிசையில். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கூரை, ஒரே மர உத்திரம். காம்பராவுக்குக் காம்பரா இடைச்சுவர் உண்டு. பல இடங்களில் அது தகரம் வரை எழும்புவதில்லை. ஆகவே ஒரு முனையில் பிடித்த நெருப்பு, சுவரைத் தொடாமலே கூரைக்கடியில் ஓடி மறுமுனைக்குப் போய்விடும். விறகடுப்பு உள்ளே, காய்ந்த விறகு பரணில், பழைய மின்கம்பிகளில் புதுத் தொலைக்காட்சியும் குளிர்சாதனப் பெட்டியும். பீலித் தண்ணீரை வாளியில் பிடித்து ஓடுவதற்குள் மூன்று காம்பரா போய்விடும். பண்டாரவளையிலிருந்து வண்டி புறப்பட்டாலும் தோட்டப் பாதையில் ஏற அதற்கு வழியிருக்குமா என்பது வேறு கேள்வி. கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஊவாவின் மானாப்புல் சரிவுகள் பற்றிக்கொண்டால், நெருப்பு லயத்தின் வாசலுக்கே வந்து நிற்கும்.

இடைச்சுவரைத் தகரம் வரை எழுப்பினால் இதில் பாதி தீரும். 1774இல் இலண்டனில் இயற்றிய கட்டடச் சட்டம் வீட்டுக்கு வீடு தடித்த செங்கற்சுவரை வற்புறுத்தியது. நம் லயங்களைக் கட்டியவர்கள் அந்தச் சட்டத்தின் நாட்டிலிருந்து வந்தவர்களே. சொந்த ஊரில் கற்ற பாடத்தைக் கூலிகளின் குடியிருப்புக்குச் செலவிட மனம் வரவில்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

தீயணைப்புக்குச் சொத்து வரி என்ற ஏற்பாடு வந்த கதையிலும் தேயிலை இருக்கிறது. அதனால் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இலண்டனின் தீயணைப்புப் படையை நடத்தியவை காப்புறுதிக் கம்பனிகள். அதன் தலைவராக இருந்தவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட். 1824இல் எடின்பரோவில் உலகின் முதல் நகர சபைத் தீயணைப்புப் படைகளில் ஒன்றைக் கட்டியெழுப்பியவர். 1861 ஜூன் 22 அன்று தேம்ஸ் கரையில் டூலி வீதிப் பண்டகசாலைகள் பற்றின. பருத்தி, சணல், சீனி, அரிசி, மிளகு, தேயிலை எல்லாம் அடுக்கியிருந்த கிடங்குகள். நெருப்பு அடங்க இரண்டு வாரம் ஆயிற்று. இடிந்து விழுந்த சுவரின் அடியில் பிரெய்ட்வுட் மாண்டார். இழப்பீடு கொடுத்துக் களைத்த கம்பனிகள், இனி இந்தப் படையை எங்களால் நடத்த முடியாது என்று அரசுக்கு எழுதிவிட்டன. அதன் விளைவுதான் 1865ஆம் ஆண்டின் பெருநகரத் தீயணைப்புப் படைச் சட்டம். செலவை மூவர் தலையில் பிரித்தார்கள்: ஆதன வரி கட்டுவோர் பவுணுக்கு அரைப் பென்னி, காப்புறுதிக் கம்பனிகள் தாம் காப்புறுதி செய்த ஒவ்வொரு பத்து இலட்சம் பவுணுக்கும் முப்பத்தைந்து பவுண், அரசு ஆண்டுக்குப் பத்தாயிரம் பவுண். அதே 1865இல்தான் இலங்கையில் மாநகர சபைக் கட்டளைச் சட்டம் வந்து கொழும்பு, கண்டி மாநகர சபைகள் பிறந்தன. வரி கட்டும் நகரத்துக்குத் தீயணைப்பு என்ற எண்ணம் இங்கே வந்த காலம் அது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை நட்டார். மலைக்கு ஆட்கள் வந்து குவிந்தார்கள். நகரத்துக்கு வந்த எண்ணம் மலைக்கு ஏறவில்லை.

உரோமாபுரியில் அகஸ்டஸ் கி.பி. 6இல் தீயணைக்கும் இரவுக் காவற்படையை அமைத்தபோது, அடிமை விற்பனை மீதான வரியிலிருந்து அதற்குப் பணம் கொடுத்தார். எரியும் நகரத்தைக் காக்க அடிமையின் விலையில் ஒரு பங்கு. பெருந்தோட்டத்தைப் பற்றி எழுதும்போது இந்தச் செய்தி நினைவுக்கு வராமல் போகாது.

ஆதன வரிக்கு மாற்றாகச் சந்தா முறையும் உலகில் உண்டு. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஓபியன் மாவட்டத்தின் நாட்டுப்புறப் பகுதிக்குத் தீயணைப்பு வேண்டுமானால், அண்டையிலுள்ள சவுத் ஃபுல்டன் நகரத்துக்கு ஆண்டுக்கு 75 டொலர் கட்ட வேண்டியிருந்தது. 2010இல் அதைக் கட்டாத ஒரு குடும்பத்தின் வீடு பற்றியபோது வீரர்கள் வந்து நின்று பார்த்தார்கள். பணம் கட்டிய அயலவரின் வேலியைத் தாண்டி நெருப்பு வந்தபோதுதான் தண்ணீர் பாய்ச்சினார்கள். தீயணைப்பை விரும்பினால் வாங்கிக்கொள்ளும் பண்டமாக்கினால் முடிவு அதுவாகத்தான் இருக்கும். அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் வேறு பாடம் படித்தது. அங்கே நீண்ட காலம் காப்புறுதிக் கட்டணத்தோடு சேர்த்தே தீயணைப்புக்குப் பணம் திரட்டினார்கள். காப்புறுதி செய்தவர் கட்டினார், செய்யாதவர் இலவசமாகப் பயன்பெற்றார். 2009 பெப்ரவரியின் பெருங்காட்டுத்தீயை விசாரித்த ஆணைக்குழு இது நீதியன்று என்றது. 2013 ஜூலை முதல் ஆதனம் உள்ள அனைவரிடமும் வரியாக அறவிடத் தொடங்கினார்கள். இந்தியாவில் 74ஆம் அரசியலமைப்புத் திருத்தம் நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க பணிகளின் பட்டியலில் தீயணைப்பையும் சேர்த்தது. பணம் கூடவே போகவில்லை என்பது அங்கும் உள்ள முறைப்பாடு. 15ஆவது நிதி ஆணைக்குழு மாநிலங்களின் தீயணைப்பு விரிவாக்கத்துக்கு 5,000 கோடி ரூபாய் ஒதுக்க நேர்ந்தது அதனால்தான்.

என் முடிபு இது. தீயணைப்புக்கு ஆதன வரி சரியான அடித்தளம். ஆனால் மலையகத்தில் ஆதனம் ஒருவரிடமும் உயிர் இன்னொருவரிடமும் இருக்கிறது. ஆகவே வரி ஆதனத்தின் பின்னால் போக வேண்டும், வண்டி உயிரின் பின்னால் போக வேண்டும். லயத்தில் இருப்பவரிடம், 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாகவே பெருஞ்சண்டை போட வேண்டியிருந்தவரிடம், வரி கேட்பது அடாவடி. அவருக்குச் சொந்தமில்லாத கூரைக்கு அவர் ஏன் வரி கட்ட வேண்டும்?

பிரதேச சபைச் சட்டத்தில் ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. கட்டடச் செறிவுள்ள பகுதிக்கு வெளியே, நிரந்தரமாகப் பயிரிடப்படும் காணிக்கு ஏக்கர் வரி விதிக்கலாம். தேயிலைத் தோட்டத்தைவிட நிரந்தரப் பயிர்நிலம் வேறு எது? சிக்கல் அதன் அளவு. சட்டம் எழுதிய காலத்து ரூபாயில் வகுத்த உச்சவரம்பு இன்றைய ரூபாயில் ஏளனத்துக்குரிய தொகை. அந்த வரம்பை உயர்த்தி, உயர்ந்த பகுதியைத் தீயணைப்பு மீட்புக்கென்றே தனிக் கணக்கில் வைக்கச் சட்டத் திருத்தம் வேண்டும். தோட்டக் காணிக்காகக் கம்பனிகள் அரசுக்குக் கட்டும் குத்தகைப் பணத்திலும் ஒரு பங்கு அந்தக் காணி இருக்கும் பிரதேச சபைக்கு வர வேண்டும். மலையின் வருமானம் கொழும்புக்குப் போய், மலையின் ஆபத்து மலையிலேயே தங்குவது எந்தக் கணக்கு? தேயிலைத் தொழிற்சாலைகளுக்குக் காப்புறுதி வழங்கும் கம்பனிகளும் 1865இன் முறைப்படி ஒரு கை கொடுக்கலாம்.

கம்பனிகள் மறுக்கும். விளைச்சல் வீழ்ச்சி, உரவிலை, சம்பள உயர்வு என்று காரணங்கள் வரும்; அவற்றில் சில உண்மையும்தான். ஆனாலும் தொழிற்சாலையில் மணல் வாளியும் தீயணைப்பானும் தொங்கவிடுவதற்கு இந்தக் காரணங்கள் தடையாக இருந்ததில்லை.

இன்னொரு மறுப்பு வலுவானது. 1990 சுவசெரிய அம்பியுலன்ஸ் இந்திய உதவியோடு 2016இல் தொடங்கி, பின்னர் நாடு முழுவதும் பரவியது. அதில் ஏறும் நோயாளியிடம் சோலைவரி கட்டினாயா என்று யாரும் கேட்பதில்லை. மத்திய அரசு நினைத்தால் தீயணைப்பையும் அப்படி நடத்தலாமே என்பார்கள். நடத்தலாம், வண்டிகளையும் பயிற்சியையும் மத்திய அரசே தர வேண்டும் என்பது என் கருத்தும். ஆனால் அம்பியுலன்ஸ் ஆளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். தீயணைப்புக்குத் தண்ணீர் உள்ளூரில் வேண்டும், பாதை உள்ளூரில் வேண்டும், எந்தப் பீலி கோடையிலும் வற்றாது என்று அறிந்த ஆள் உள்ளூரில் வேண்டும். தோட்டத்து இளைஞர்களுக்குச் சம்பளத்தோடு பயிற்சி கொடுத்து, டிவிசனுக்கு ஒரு குழுவும் சிறு பம்பும் குழாயும் கொடுத்தால், பண்டாரவளை வண்டி வந்து சேரும்வரை ஒரு லயத்தைத் தாக்குப்பிடிக்க வைக்கலாம். அந்தச் செலவு பெரியதன்று. ஆண்டுதோறும் வர வேண்டும் என்பதுதான் அதன் கடினம்.

மீரியபெத்தையில் தப்பியவர்களுக்கு மாகல்தெனியவில் தனிவீடுகள் கட்டிக்கொடுத்தார்கள். இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழும், ஏழு பேர்ச் காணியோடும் மலையகத்தில் பல இடங்களில் வீடுகள் எழுந்துள்ளன. காணி உறுதி கையில் கிடைத்த குடும்பத்தைச் சோலைவரிப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும் என்றே சொல்வேன். தொகை பெயரளவில் இருக்கட்டும், முதல் சில ஆண்டுகளுக்கு முழு விலக்கும் இருக்கட்டும். இலக்கம் வேண்டும், முகவரி வேண்டும், பதிவு வேண்டும். வரி கட்டுபவர் சபைக் கூட்டத்துக்குப் போய், என் பணத்தில் வாங்கிய பவுசர் எங்கே என்று கேட்கலாம். தானம் பெறுபவருக்கு அந்தக் குரல் வராது. உறுதி இன்னும் கைக்கு வராத குடும்பங்களே அதிகம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவர்களைப் பதிவேட்டில் ஏற்றுவதற்கு முன் உறுதியைக் கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்கட்டும்.

2023 மார்ச்சிலிருந்து இரண்டு ஆண்டுகள் நாட்டின் சபைகள் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் இன்றியே இருந்தன. 2025 மே 6 தேர்தலோடு மீண்டும் உறுப்பினர்கள் வந்திருக்கிறார்கள். அல்துமுல்லையிலும் தோட்டத்து வாக்கால் சபைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். ஆண்டின் கடைசி மாதங்களில் சபையின் வரவு செலவுத் திட்டம் விவாதத்துக்கு வரும். பண்டாரவளை மாநகர சபையோடு ஒரு தீயணைப்பு ஒப்பந்தம், அதற்கான ஒரு செலவுத் தலைப்பு, ஏக்கர் வரி வரம்பை உயர்த்தக் கோரி ஒரு தீர்மானம், லயங்களுக்கு இலக்கமிட ஒரு தீர்மானம் ஆகிய நான்கையும் அந்த விவாதத்தில் முன்வைக்குமாறு, இந்தக் கட்டுரையைப் படிக்கும் உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வாக்களித்தவர்களும் அன்று பொதுமக்கள் இருக்கையில் போய் அமர வேண்டும்.